சீனி இறங்க மாறிய கண் பவர்: கனரக லைசன்ஸ் மெடிக்கல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வலிகாமத்தைச் சேர்ந்த 54 வயது மரக்கறி வியாபாரி ஒருவர், பத்து வருடங்களுக்கு மேலாகத் தனது கன்ரர் லொறியைத் தானே ஓட்டி வருகிறார். கிழமையில் மூன்று இரவுகள் சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றி ஏ9 வீதியால் தம்புள்ளைக்குப் போவார். விடியற்காலையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது மலைநாட்டு மரக்கறி ஏற்றிக்கொண்டு வருவார். பெயர், ஊர், சிகிச்சை பெற்ற இடங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இலங்கையில் இலகுரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்கும், கனரக வகுப்புகளுக்கானது 4 ஆண்டுகளுக்கும் வழங்கப்படுகிறது. கனரக லைசன்ஸைப் புதுப்பிக்க, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் பரிசோதனைக்குத் தோற்றிச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் 6 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். நான்கு வருடங்களுக்கு முன் இவர் பெற்ற சான்றிதழில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இம்முறை பரிசோதனைக்குப் போன அன்று லைசன்ஸ் முடிய 49 நாட்கள் இருந்தன. அது தாராளமான அவகாசம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அதற்கு முந்திய நான்கு மாதங்களில் மூன்று மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன. அவை யாவும் பின்னர் விசாரித்தபோதே வெளிவந்தன. முதலாவது, தாகமும் சலம் கழிப்பதும் கூடின. முன்பெல்லாம் முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நிறுத்தினால் அடுத்த நிறுத்தம் வவுனியாதான். இப்போது பளையில் ஒருமுறை, முறிகண்டியில் ஒருமுறை, மாங்குளத்தில் இன்னொருமுறை இறங்க வேண்டியிருந்தது. நித்திரை வராமலிருக்கக் குடிக்கும் பிளேன்ரீயினால் வருகிறது என்று விட்டுவிட்டார். இரண்டாவது, வீதிப் பெயர்ப்பலகைகள் கிட்டப் போகும்வரை தெளியவில்லை.

மூன்றாவதுதான் இந்த நிகழ்வின் திறவுகோல். 46 வயதிலிருந்து பில் பார்க்கவும் பேப்பர் வாசிக்கவும் கண்ணாடி போட்டு வந்தவர், திடீரெனக் கண்ணாடி இல்லாமலே வாசிக்கத் தொடங்கினார். "பொன்னாங்காணி சாப்பிட்டுக் கண் திரும்பி வந்திட்டுது" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 54 வயதில் வாசிப்புக் கண்ணாடி தேவையில்லாமல் போவதும் தூரம் மங்குவதும் ஒன்றாக வந்தால் அது நல்ல செய்தியல்ல. கண்ணின் பவர் குறும்பார்வைப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கலாம், அல்லது இரத்தத்தில் சீனி பல கிழமைகளாக உயர்ந்து நிற்கலாம்.

முதலாவது பரிசோதனை: 1ஆம் நாள்

சந்தையில் கிடைத்த ஆலோசனைகளின்படி ஆயத்தம் நடந்தது. காலை சாப்பிடாமல் போனால் சீனி காட்டாது, கண் அட்டையின் கடைசி இரண்டு வரிகளைப் பாடமாக்கினால் போதும் என்பவை அவை. அவர் சாப்பிடவில்லை. பதிலுக்கு இரண்டு கோப்பி குடித்தார். நேரம் பிந்தியதால் மோட்டார் சைக்கிளில் அவசரமாகப் போனார். சலம் கழிக்கப் போனால் இலக்கம் தவறிவிடும் என்று அடக்கிக்கொண்டு வரிசையில் இருந்தார்.

பதிவான அளவீடுகள் இவை. இரத்த அழுத்தம் 168/100. சலம் கழித்துவிட்டுப் பத்து நிமிடம் அமைதியாக இருந்தபின் எடுத்தது 158/96. தூரப்பார்வை வலக்கண் 6/24, இடக்கண் 6/18. 6/24 என்றால் குறைபாடில்லாத கண் 24 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை இவரால் 6 மீற்றரில்தான் வாசிக்க முடிகிறது என்பதாகும். நிறப்பார்வைத் தகடுகள் அனைத்தையும் சரியாக வாசித்தார். கேட்டல், கைகால் அசைவு, கழுத்துத் திருப்பம் ஆகியவற்றில் குறையில்லை.

பார்வை குறைவாக இருந்ததால் ஊசித்துளை அட்டையால் பார்க்கச் செய்தார்கள். அதனூடாக இரு கண்களும் 6/9 வரை வாசித்தன. இது எளிய சோதனை, ஆனால் நிறையச் சொல்லும். சிறு துளையினூடாக நேர்க்கதிர்கள் மட்டும் புகுவதால் பவர் பிழை மறைந்துவிடும். துளையினூடாகத் தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் ஒளிமுறிவில் இருக்கிறது. தெளியாவிட்டால் விழித்திரையிலோ நரம்பிலோ வேறு ஏதோ இருக்கலாம் எனத் தேட வேண்டும்.

வைத்தியர் தாகம் பற்றியும் சலம் பற்றியும் கேட்டபோதுதான் பளை, முறிகண்டி, மாங்குளம் விவரம் வந்தது. விரல்நுனி இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 232 மில்லிகிராம். அவர் முதல் நாள் இரவு எட்டு மணிக்குப்பின் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிடாமலிருக்கும்போது 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு எனச் சந்தேகித்து உறுதிப்படுத்த வேண்டும். காலை உணவைத் தவிர்த்தது சீனியை மறைக்கவில்லை. அந்த எண்ணுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் செய்தது.

முடிவு: சான்றிதழ் அன்று வழங்கப்படவில்லை. கண் வைத்திய நிபுணரின் அறிக்கையும், சீனி, பிரஷர் இரண்டும் சிகிச்சையில் கட்டுப்பட்டுள்ளன என்ற கிளினிக் அறிக்கையும் கொண்டு மீண்டும் வரும்படி சொல்லப்பட்டது. இது நிராகரிப்பு அல்ல, ஒத்திவைப்பு. வீட்டில் அவர் சொன்னதோ "பெயில்" என்று. அந்தச் சொல் அடுத்த சில நாட்களின் அவசரத்துக்குக் காரணமானது.

கண்ணாடிக் கடையும் கிளினிக்கும்: 1 முதல் 5ஆம் நாள் வரை

அன்று மாலையே அவர் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். கொம்பியூட்டர் செக்கிங்கில் வலக்கண் மைனஸ் 1.25, இடக்கண் மைனஸ் 1.00 என வந்தது. மூன்று நாளில் கண்ணாடி தயார். போட்டுப் பார்த்தபோது இரு கண்களும் 6/6 வாசித்தன.

அளவில் பிழையில்லை. அன்றைய கண்ணுக்கு அது சரியான கண்ணாடிதான். கடையில் கேட்கப்படாமல் போனவை இரண்டு கேள்விகள்: "சீனி வருத்தம் இருக்கா?", "வாசிக்கிற கண்ணாடி எப்ப தொடக்கம் தேவைப்படேல்ல?" வாடிக்கையாளரும் தாமாகச் சொல்லவில்லை. சீனி வேறு, கண் வேறு என்றே அவர் எண்ணினார். லைசன்ஸுக்குத் தடையாக நின்றது கண். அது தீர்ந்துவிட்டது. சீனிக்குக் குளிசை போட்டு ஒரு கடிதம் எடுத்தால் போதும் என்பது அவர் போட்ட கணக்கு.

மூன்றாம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். சாப்பிடாமல் 221. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.6 சதவீதம். இது 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இயல்பு அளவில் இருந்தது. ஐந்தாம் நாள் சீனிக்கு மெற்போமின் 500 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப்பின் இருவேளையும் கிளிக்கிளசைட்டும், பிரஷருக்கு லொசார்ட்டன் 50 மில்லிகிராமும் தொடங்கப்பட்டன.

இங்கே இரண்டு தகவல்கள் கைமாறாமல் போயின. தொழில் என்ன என்ற கேள்விக்கு அவர் "வியாபாரம்" என்றார். இரவு லொறி ஓட்டுவதைச் சொல்லவில்லை. கிளினிக்கிலும், குளிசை தொடங்கிச் சீனி இறங்கும்போது சில கிழமைகளுக்குப் பார்வை மாறும் என்பது சொல்லப்படவில்லை. நெரிசலான கிளினிக்கில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆயினும் அந்த ஒரு வசனம் சொல்லப்பட்டிருந்தால் கீழே வருவதில் பாதி நடந்திருக்காது.

கண்ணாடி மங்கியது: 19 முதல் 32ஆம் நாள் வரை

குளிசையை ஒழுங்காகப் போட்டார். பிளேன்ரீக்குச் சீனி நிறுத்தப்பட்டது. இரவுச் சோற்றுக்குப் பதில் குரக்கன் பிட்டு வந்தது. (குரக்கன் சீனியை ஏற்றாது என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிடுபவர்கள் உண்டு. குரக்கனும் மாப்பொருள்தான், அளவு முக்கியம். இவரது மனைவி அளந்தே போட்டார்.) 18ஆம் நாள் சாப்பிடாமல் எடுத்த சீனி 124.

மறுநாளே புதுக் கண்ணாடியில் தூரம் மங்கத் தொடங்கியது. தலையிடி. பில்லில் உள்ள எண்கள் தெரியவில்லை, பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாலும் எழுத்து கலங்கியது. 22ஆம் நாள் ஊர்ப் பாமசி ஒன்றில் இருந்த அட்டையில் பார்த்தபோது கண்ணாடியுடன் 6/18, கண்ணாடியைக் கழற்றினால் 6/9. அதாவது, கண்ணாடி போட்டால்தான் பார்வை குறைந்தது.

நடந்தது இதுதான். சீனி நெடுங்காலம் உயர்ந்திருக்கும்போது கண்வில்லைக்குள்ளும் குளுக்கோசு புகுந்து, சோபிற்றோல் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. அது நீரை இழுக்கிறது, வில்லை பருக்கிறது, ஒளியை வளைக்கும் வலு கூடுகிறது என்பது பொதுவான விளக்கம். விளைவு குறும்பார்வை: தூரம் மங்கும், கிட்ட இருப்பது கண்ணாடியின்றித் தெரியும். சிகிச்சையில் சீனி இறங்கும்போது பார்வை எதிர்ப்பக்கம், நீள்பார்வை நோக்கி நகர்கிறது. சிலருக்கு இயல்பையும் தாண்டிப் போய், சில கிழமைகள் கழித்தே நிலைக்கு வருகிறது. இவருக்கு உயர்ந்த சீனியில் அளந்த மைனஸ் 1.25, இறங்கிய சீனியில் ஒன்றரை அளவுக்கு மேலான பிழையாகிவிட்டது. இளைஞனின் கண் அவ்வளவு பிழையைத் தன் வில்லையை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். 54 வயதுக் கண்ணுக்கு அந்த வலு மிகக் குறைவு.

அவர் எடுத்த முடிவு வேறு. கண்ணாடி புதிது, அதில் நன்றாகத் தெரிந்தது. இடையில் புதிதாக வந்தது குளிசை. ஆகவே "குளிசைதான் கண்ணைக் கெடுத்துப்போட்டுது". 24ஆம் நாள் சீனிக் குளிசைகள் இரண்டையும் நிறுத்தினார். மனைவி தடுத்துப் பார்த்தார்: "இஞ்சேருங்கோ, டொக்டரைக் கேக்காமல் நிப்பாட்டாதேங்கோ." மெடிக்கல் முடியட்டும், பிறகு போடலாம் என்பது பதில்.

ஒரு கிழமையில் அதே கண்ணாடியில் தூரம் மீண்டும் தெளிந்தது. சீனி ஏற, வில்லை பழையபடி பருத்தது. அவருடைய தவறான விளக்கத்துக்கு உடம்பே சாட்சி சொன்னதுபோல் ஆயிற்று. இவ்வகை நிகழ்வுகளில் மிக ஆபத்தான கட்டம் இதுதான். பிடிவாதத்தாலோ அறியாமையாலோ ஆட்கள் குளிசையை நிறுத்துவதில்லை. தங்கள் கண்ணால் கண்டதை நம்பி நிறுத்துகிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. கண்டதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

கண் வைத்திய நிபுணரின் முடிவு: 33ஆம் நாள்

லைசன்ஸ் முடிய 16 நாட்கள். கண் நிபுணரிடம் போனார். கண்ணாடியுடன் இரு கண்களும் 6/6 வாசித்தன. அந்த எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் கொடுத்திருந்தால் மெடிக்கலில் கண் பகுதி அன்றே தீர்ந்திருக்கும்.

நிபுணர் எழுதவில்லை. மைனஸ் கண்ணாடி எப்போது வாங்கியது என்று கேட்டார். 30 நாட்களுக்கு முன்பு. அதற்கு முன் தூரக் கண்ணாடி இருந்ததா? இல்லை. வாசிப்புக் கண்ணாடி? இருந்தது, நான்கு மாதமாகத் தேவைப்படவில்லை. 54 வயதில் புதிதாக, இரு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறும்பார்வை. வில்லையில் புரை தெரியவில்லை. உடனே சீனி பார்க்கப்பட்டது. சாப்பிடாமல் 204. அப்போதுதான் குளிசை நிறுத்திய கதை வெளிவந்தது.

வைத்தியர் ஒரு தாளில் இரண்டு நிரல்கள் போட்டார். இடப்பக்கம் சீனி: 221, 124, 204. வலப்பக்கம் அதே கண்ணாடியில் பார்வை: 6/6, 6/18, 6/6. "ஐயா, குளிசை கண்ணைக் கெடுக்கேல்ல. உங்கட கண் சீனியோட ஏறி இறங்குது. இந்தக் கண்ணாடி சீனி கூடின கண்ணுக்குத்தான் பொருத்தம். இதை நம்பி லைசன்ஸ் எடுத்தால், பிறகு குளிசை போடப் போட உங்களுக்கு றோட்டுத் தெரியாது." பல நாள் விளக்கம் செய்யாததை அந்த மூன்று வரித் தாள் செய்தது. அதைத் தன் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டே அவர் வீடு போனார்.

அன்று எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்:

குளிசைகள் அன்றே மீண்டும் தொடங்க வேண்டும், ஆனால் கிளினிக் வைத்தியரிடம் தொழிலைச் சொன்ன பிறகு. அவர் சொன்னார். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, சாப்பாடு தவறியும் பிந்தியும் ஓட்டுபவருக்குக் கிளிக்கிளசைட் ஏற்றதல்ல. அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும், சீனி திடீரெனத் தாழ வழியுண்டு. கை நடுக்கம், வியர்வை, குழப்பம் ஆகியவை ஏ9 வீதியில் நள்ளிரவில், பாரம் ஏற்றிய லொறியின் ஸ்டியரிங்கில் இருக்கும்போது வரக்கூடாதவை. ஆகவே அதை நிறுத்தி, தனியாகச் சீனியைத் தாழ்த்தும் வாய்ப்புக் குறைந்த சிற்றாகிளிப்டின் கொடுக்கப்பட்டது. மெற்போமின் படிப்படியாக 1 கிராம் இருவேளை ஆயிற்று. ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்றோட்டத்தால் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள்.

புதுக் கண்ணாடி இப்போது வாங்கக் கூடாது. சாப்பிடாத சீனி தொடர்ந்து கட்டுக்குள் நின்று, இரண்டு கிழமை இடைவெளியில் எடுத்த இரண்டு கண் அளவுகள் 0.25க்குள் ஒத்துவந்த பின்னரே அளவு இறுதியாகும்.

அதுவரை வாகனம் ஓட்டக்கூடாது. இதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. லைசன்ஸ் இன்னும் செல்லுபடியாகும், ஆகவே 16 நாள் ஓட்டலாம் என்பது அவர் வாதம். சட்டப்படி லைசன்ஸ் கையில் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கிழமைகளில் அவருக்கு எந்த நாள் என்ன தெரியும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இரவில் கண்மணி விரியும்போது பவர் பிழையின் மங்கல் இன்னும் கூடும், எதிரே வரும் விளக்கின் கூச்சமும் கூடும். வன்னிப் பகுதியில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டைக் கடைசி நொடியில் காண்பது நல்ல கண்ணுள்ளவருக்கே சோதனை. கனரக லைசன்ஸ் உள்ள மருமகன் ஒருவர் "மாமா, ரெண்டு மாசத்துக்கு நான் பாக்கிறன்" என்று பொறுப்பெடுத்ததால் பிரச்சினை தீர்ந்தது.

காத்திருந்த கிழமைகள்: 34 முதல் 77ஆம் நாள் வரை

இம்முறை பார்வை மாறும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. 45ஆம் நாளளவில் மைனஸ் கண்ணாடி மீண்டும் பொருந்தாமல் போனபோது அவர் பதறவில்லை, கழற்றி வைத்தார். வாசிக்கப் பழைய கண்ணாடியை எடுத்தார். அது மறுபடி தேவைப்பட்டதே கண் தன் இடத்துக்குத் திரும்புவதன் அறிகுறி. 49ஆம் நாள் லைசன்ஸ் காலாவதியானது.

பிரஷரில் ஒரு சிறு சிக்கல். அயலவரின் மெசினில் வீட்டில் எடுத்த அளவுகள் 150க்குக் குறையவில்லை, குளிசை கூட்ட வேண்டுமோ என்ற பேச்சு எழுந்தது. கிளினிக்கில் தாதி அவருடைய மேற்கையை அளந்தார், 35 சென்ரிமீற்றர். மெசினின் பட்டியில் 22 முதல் 32 சென்ரிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. பருத்த கைக்குச் சிறிய பட்டி சுற்றினால் அளவு கூடித்தான் காட்டும். பெரிய பட்டியால் எடுத்தபோது 138/86. வீட்டுக்கு 42 சென்ரிமீற்றர் வரை பொருந்தும் பட்டி வாங்கப்பட்டது.

அதன்பின் ஏழு நாள் பதிவு எழுதப்பட்டது. காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவுகள். எடுக்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, இரு பாதமும் நிலத்தில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் கோப்பி, புகை இருக்கக் கூடாது. சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். எடுக்கும்போது கதைக்கக் கூடாது. முதல் நாள் அளவுகளைத் தவிர்த்து மற்றவற்றின் சராசரி 132/82. மெடிக்கலுக்குக் கொண்டுபோக வேண்டிய மிகப் பயனுள்ள தாள் இது. பரிசோதனை நாளின் பதற்றத்தில் ஓர் அளவு கூடினாலும், வைத்தியருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ இருக்கும்.

61ஆம் நாள் கண் அளவு: வலக்கண் பிளஸ் 0.25, இடக்கண் பூச்சியம். கண்ணாடியின்றித் தூரம் இரு கண்களும் 6/6. வாசிக்கப் பிளஸ் 2.00 கூடுதல் தேவை. அதே நாள் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரை பார்க்கப்பட்டது. இரு கண்ணிலும் நீரிழிவின் மிக ஆரம்பப் புள்ளிகள் சில இருந்தன, பார்வையின் மையப்பகுதி பாதிக்கப்படவில்லை. சிகிச்சை தேவையில்லை, வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். சொட்டு விட்டபின் நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை கலங்கும், வெளிச்சம் கூசும் என்பதால் ஓட்டோவில் வந்து போனார். இந்தப் பரிசோதனையையும் மெடிக்கலையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது.

75ஆம் நாள் இரண்டாம் அளவும் முதலாவதோடு ஒத்தது. சாப்பிடாத சீனி அந்த இரண்டு கிழமையும் 105க்கும் 122க்கும் இடையில் நின்றது. கண் நிபுணர் அறிக்கை எழுதினார்: தூரத்துக்குக் கண்ணாடி தேவையில்லை.

இரண்டாவது பரிசோதனை: 80ஆம் நாள்

இட்லியும் சீனி போடாத தேநீரும் சாப்பிட்டு, குளிசைகளை வழமைபோல் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நேரத்தோடு போனார். கொண்டுபோனவை அடையாள அட்டை, காலாவதியான லைசன்ஸ், கண் அறிக்கை, கிளினிக் கடிதமும் கொப்பியும், பிரஷர்ப் பதிவு, வாசிப்புக் கண்ணாடி. அளவெடுக்குமுன் சலம் கழித்தார். பிரஷர் 140/86, பதிவுத்தாளைப் பார்த்தபின் அது தடையாகவில்லை. பார்வை 6/6, 6/6. கண்ணை மறைக்கும்போது விரலால் அழுத்தாமல் உள்ளங்கையைக் குவித்து மறைக்கும்படி முன்பே சொல்லப்பட்டிருந்தது. அழுத்திய கண் திறந்த கையோடு சில நொடிகள் கலங்கும், அடுத்துச் சோதிக்கப்படுவது அந்தக் கண்தான்.

சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டு புதுப்பித்தல் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது.

பின்விளைவுகள்

லைசன்ஸ் இல்லாத காலம் ஒரு மாதத்துக்கு மேல். மருமகன் ஓட்டியதால் வியாபாரம் நிற்கவில்லை, ஆனால் கிழமைக்கு மூன்று ஓட்டம் இரண்டாகக் குறைந்தது. மைனஸ் கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண். அவரிடம் அது இப்போது இல்லை. வீட்டில் வைத்திருந்தால் என்றாவது சீனி ஏறி மங்கும்போது அதைத் தேடிப் போடும் ஆபத்து இருந்தது. 96ஆம் நாள் எச்பிஏ1சி 7.3 சதவீதம்.

மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது கிளினிக் சில கட்டுப்பாடுகள் வைத்தது. புறப்படுமுன் சாப்பிட வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், லொறியில் குளுக்கோசும் பிஸ்கற்றும் சீனி பார்க்கும் மெசினும் இருக்க வேண்டும். 90க்குக் கீழே காட்டினால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்டலாம். 70க்குக் கீழே என்றால் வண்டியை ஓரங்கட்டிச் சீனி எடுத்து, அளவு ஏறியபின் முக்கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும். இப்போதைய குளிசைகளில் அப்படித் தாழ்வது அரிது. கிளிக்கிளசைட் போன்ற குளிசை சேர்க்கப்பட்டால் இது அவசியமாகும்.

மாற்ற வேண்டியவை

முதலில் ஒழுங்கு. இந்நிகழ்வில் கண்ணாடி முதலில், சீனி பின்னர் என்று நடந்தது. சரியான வரிசை சீனி, பிறகு கண், பிறகு மெடிக்கல். சீனி நிலைத்தபின் கண் நிலைக்க ஆறு எட்டுக் கிழமை பிடிக்கலாம். ஆகவே 40 வயதைத் தாண்டிய கனரகச் சாரதி லைசன்ஸ் முடிய நான்கு மாதம் முன்பே சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் 6 மாதம் செல்லும் என்பதால் முன்கூட்டிப் போவதில் நட்டமில்லை. இவருக்கு 49 நாளுக்குப் பதில் 120 நாள் இருந்திருந்தால், இதே சிகிச்சை, இதே காத்திருப்பு எல்லாம் லைசன்ஸ் முடியுமுன்பே முடிந்திருக்கும்.

கண்ணாடிக் கடைகளில் 40 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக மைனஸ் பவர் வந்தால், விற்குமுன் சீனி பார்த்துவரச் சொல்ல வேண்டும். இச்சம்பவத்தின் பின் அந்தக் கடையில் இது வழக்கமாகியிருக்கிறது. ஒரு விற்பனை சில கிழமை பிந்தும், ஆனால் அதே கண்ணாடியுடன் கோபமாகத் திரும்பி வருபவர் இருக்கமாட்டார்.

கிளினிக்கில் முதல் குளிசையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வசனம்: "ரெண்டு மூண்டு கிழமையில பார்வை மங்கலாம், அது குளிசை வேலை செய்யிறதால வாறது, நிப்பாட்டாமல் எங்களிட்ட வாங்கோ." இதோடு "வாகனம் ஓடுறனீங்களோ, எந்த நேரத்தில?" என்ற கேள்வியும் வேண்டும். தொழில் என்ன என்று கேட்டால் நம் ஊரில் "வியாபாரம்", "கமம்" என்றுதான் பதில் வரும். லொறியும் உழவு இயந்திரமும் அந்தச் சொற்களுக்குள் மறைந்துவிடும்.

விண்ணப்பதாரர் பக்கத்தில், குறையை மறைக்க எடுத்த முயற்சிகள் எதுவும் உதவவில்லை. அட்டையின் கடைசி வரிகளைப் பாடமாக்கியது வீண், ஏனெனில் அவர் தடுமாறியது அதற்கு மேலுள்ள வரிகளில். அவருக்கு உண்மையில் உதவியது, முதல் நாள் வைத்தியர் கேட்டபோது பளை, முறிகண்டி, மாங்குளம் என்று மறைக்காமல் சொன்னதுதான்.

அடுத்த புதுப்பித்தலுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதற்கிடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, லைசன்ஸ் முடிய நான்கு மாதம் முன் கண் அளவு ஆகியவற்றுக்கான திகதிகள் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் மருமகனின் கையெழுத்தில் எழுதப்பட்டுள்ளன. அந்த மூன்று வரித் தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது.